விரால் மீனின் வாழ்வும் வேட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா காலத்திலிருந்தே ஏரி மீன் குத்தகை எடுக்கும் குடும்பம் எங்களுடையது. கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்கள், உயிர்மீன் வாங்க வருபவர்கள், புதிதாகக் குளம் வெட்டிவிட்டுக் கையைப் பிசைகிறவர்கள் என்று பலரும் விராலைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

விரால், கொரவை, அவிரி எல்லாம் ஒரே மீன்தானே? சந்தையில் ஏன் வேறு வேறு விலை சொல்கிறார்கள்?

ஒரே குடும்பம், வேறு வேறு இனங்கள். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள் ஓடினால் அது விரால். சாதாரணமாக ஒரு முழம் முதல் இரண்டடி வரை வளரும். அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. ஜெர்மானிய அறிஞர் ப்ளாக் 1793இல் அதை விவரித்து எழுதினார். கொரவை சிறியது, உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும், ஓரடியைத் தாண்டுவது அபூர்வம். அவிரியைப் பூவிரால் என்றும் சொல்வார்கள். வாலடியில் வளையமிட்ட கண் போன்ற பொட்டு ஒன்று இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். ஆழமான ஆறுகளிலும் அணைகளிலும் ஒரு மீட்டருக்கு மேலும் வளர்ந்துவிடும்.

பெயர் ஊருக்கு ஊர் இடம் மாறும். ஓர் ஊரில் கொரவை என்பது பக்கத்து ஊரில் விரால் குட்டி ஆகிவிடும். பெயரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், பட்டையையும் புள்ளியையும் பாருங்கள். கீழே நான் எழுதுவதெல்லாம், வேறு பெயர் சொல்லாத இடத்தில், விராலைப் பற்றியதே.

எங்கள் ஏரியில் விரால் இருக்கிறதா என்று வலை போடாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பொறுமை மட்டும் வேண்டும். விரால் நடு ஏரியின் ஆழத்தில் இருக்காது. இடுப்பளவுக்கும் குறைந்த தண்ணீர், அல்லி இலை, கோரைப் புதர், ஆகாயத்தாமரை ஓரம், மதகுக்குப் பக்கத்துக் கால்வாய், நெல் வயலின் வாய்க்கால் ஆகியவைதான் அதன் இருப்பிடம். ஓடாத தண்ணீர், கலங்கிய தண்ணீர், செடி மண்டிய தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

காலையில் காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, நிழல் தண்ணீரில் விழாத இடத்தில் உட்காருங்கள். செடிகளுக்கு நடுவே தண்ணீர் மெல்ல மேடு தட்டும், கறுத்த மூக்கு ஒன்று ஒரு நொடி மேலே வரும், "பொளக்" என்று சத்தம் கேட்கும். பிறகு இரண்டு மூன்று குமிழிகள். கெண்டை துள்ளினால் தண்ணீர் சிதறும். விரால் வந்தால் தண்ணீர் சிதறுவதில்லை.

மீனுக்குச் செவுள் இருக்கும்போது எதற்கு மேலே வந்து காற்றுக் குடிக்கிறது?

செவுள் மட்டும் அதற்குப் போதாது. தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் காற்றை அடைத்துவைக்கும் அறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் ஓடும் ரத்தக் குழாய்கள் காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் வேறு மீன்கள் மூச்சு முட்டி மிதக்கும் நாற்றத் தண்ணீரிலும் விரால் தெம்பாக இருக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வளர்ந்த விராலுக்குக் காற்று விருப்பப்பட்டால் குடிக்கும் பொருள் அல்ல, கட்டாயம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். நீருக்கடியில் கிடக்கும் வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால், தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூச்சடைத்துச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் நடப்பது அதுதான். முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் செவுளால்தான் மூச்சு விடுகிறது. காற்றறை வளர்ந்த பிறகே மேலே வரத் தொடங்குகிறது.

அது என்னதான் சாப்பிடும்?

அசைவது எதையும். குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், பிறகு கொசுப்புழு, நீர்ப்பூச்சிகள், சின்ன இறால். வளர்ந்த பிறகு சிறு மீன், தவளை, தலைப்பிரட்டை, மண்புழு, நண்டு, சில சமயம் சிறு பாம்பு. கிணற்றில் விரால் விட்டால் தவளை இருக்காது என்று பெரியவர்கள் சொன்னதில் பொய் இல்லை. செடியைத் தின்னாது. வயிற்றில் பாசி கிடந்தால் இரையோடு சேர்ந்து உள்ளே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துரத்திப் பிடிக்குமா, பதுங்கிப் பிடிக்குமா? தவளையை அடிப்பதைப் பார்த்தேன், கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

பதுங்கித்தான். விரால் தொலைதூரம் நீந்தும் மீன் அல்ல. அதன் உடம்பைக் கையில் வைத்துப் பார்த்தால் புரியும். முதுகுத் துடுப்பு கழுத்துக்குப் பின்னாலிருந்தும் அடித்துடுப்பு வயிற்றுக்குப் பின்னாலிருந்தும் வால் வரை நீண்டு, உடம்பின் பின்பாதி முழுவதும் ஒரே துடுப்பாக வேலை செய்கிறது. உள்ளே காற்றுப்பையும் வால் பகுதி வரை நீண்டிருக்கிறது. அதனால் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுத் தண்ணீரில் அப்படியே நிற்க முடிகிறது. மார்புத் துடுப்பு இரண்டும் மட்டும் விசிறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வரும் பொடிமீனுக்கு அது ஒரு மக்கிய கட்டை.

இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் உடம்பை வளைத்து, வாலை ஒரே ஒருமுறை உதறுகிறது. அந்த உதறலிலேயே முன்னால் பாய்ந்து வாயை அகலத் திறக்கிறது. திறந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே இழுபட, இரையும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. தவளை அடிபடும்போது கேட்கும் அந்தச் சத்தம், தண்ணீரும் காற்றும் ஒன்றாக வாய்க்குள் போகும் சத்தம். தாடையிலும் மேலண்ணத்திலும் உள்ள கூர்ப்பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அவை மெல்வதற்கு அல்ல, வந்ததை வெளியே விடாமல் இருப்பதற்கு. பிறகு இரையைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். கெளுத்தி முள் தொண்டையில் குத்தாமல் இருக்கிறதென்றால் இந்தத் தலைப்பக்கக் கணக்கால்தான்.

குறி தப்பினால் பெரும்பாலும் துரத்தாது. வந்த இடத்துக்கே திரும்பி மறுபடியும் கட்டையாகிவிடும். நல்ல பதுங்கிடத்தை ஒரு பெரிய விரால் பிடித்துக்கொண்டால் எளிதில் விட்டுக்கொடுக்காது. அதைப் பிடித்துவிட்டால் சில நாளில் அதே அல்லி மறைவில் இன்னொன்று வந்து நிற்கும்.

கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாதே, எப்படிக் குறி வைக்கிறது?

கண் மட்டும் வேலை செய்வதில்லை. பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஓடும் உணர்கோடு தண்ணீரின் அதிர்வைப் பிடித்துக்கொள்கிறது. தலையிலும் அதே வேலைக்கான சிறு துளைகள் இருக்கின்றன. மூக்குத்துளையோ சிறு குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும், அது வாசனைக்கு. சேற்றுத் தண்ணீரில் தவளை கால் உதைக்கும் அதிர்வே போதும்.

எந்த நேரத்தில் அதிகமாக வேட்டைக்கு வரும்?

விடியலிலும் அந்தியிலும். உச்சிவெயிலில் செடி நிழலில் ஒதுங்கிக்கொள்ளும், இரவிலும் இரை எடுக்கும். ஆனால் மேகமூட்டமான நாளில் இந்தக் கணக்கு செல்லாது, நடுப்பகலில்கூட அடிக்கும். மார்கழிக் குளிரில் மந்தமாகிவிடும்.

ஏரி சுத்தமாக வற்றிவிடுகிறது. அடுத்த மழையில் விரால் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழி. ஒன்று, வாய்க்கால் வழியாக மற்ற நீர்நிலைகளிலிருந்து ஏறி வருவது. இன்னொன்று, போகாமலே இருப்பது. தண்ணீர் வற்ற வற்ற விரால் ஈரச் சேற்றுக்குள் புகுந்து, தோலும் காற்றறையும் காயாமல் இருக்கும் வரை அங்கேயே கிடக்கும். மேலே சொன்ன காற்று மூச்சு இல்லாவிட்டால் இது நடக்காது. இரை இல்லாமல் உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே நாள் ஓட்டும். சேறு முழுக்கக் காய்ந்து வெடித்துவிட்டால் அதுவும் பிழைக்காது. "பாறையாகக் காய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும்" என்பதெல்லாம் திண்ணைக் கதை.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் ஊத்தாவைக் குத்துகிறார்கள். அடியும் இல்லாமல் மேலே கை நுழையும் வாய் விட்ட கூடை அது. கெண்டை உள்ளே துள்ளும், கண்டுகொள்ளலாம். விரால் துள்ளாமல் சேற்றோடு சேறாக அமுங்கும். அனுபவக்காரர்கள் காலி என்று தோன்றும் ஊத்தாவிலும் சேற்றை ஒருமுறை துழாவாமல் எடுக்கமாட்டார்கள்.

மழை இரவில் ரோட்டைக் கடந்து போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நடக்குமா?

நடக்கும் என்பது பெரிய வார்த்தை. ஈரத் தரையில் உடம்பை நெளித்து, மார்புத் துடுப்பால் உந்தி, கொஞ்ச தூரம் போகும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே உள்ள வரப்பைத் தாண்ட அது போதும். தரையில் நகர்வதில் உண்மையான கெட்டிக்காரன் பனையேறிக் கெண்டைதான். செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றிப் போகும். விராலுக்கு அந்த வசதி இல்லை, அதன் துடுப்புகளில்கூட முள் கிடையாது.

ஏரியில் செம்மண் நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் மேலே வந்து போகிறது. அது என்ன?

விரால் குஞ்சுகள். மழைக்காலத்தை ஒட்டி ஆணும் பெண்ணும் சேர்ந்து செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். முட்டைக்குள் எண்ணெய்த்துளி இருப்பதால் அது மஞ்சளாக மேலே மிதக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சில வாரம் கூட்டமாகவே திரியும். காற்றுக்கு மேலே வரும்போதும் கூட்டமாகவே வருவதால்தான் அந்தக் கொதிப்பு.

கூட்டத்துக்கு நேர் கீழே பெற்றோர் நிற்கும். பாம்பு, தவளை, வேறு மீன், மனிதன் கால் என்று எது நெருங்கினாலும் பாயும். குஞ்சு வளர வளரச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், கூட்டம் உடையும், அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஓடைகளில் வாழும் சிறிய கொரவை இனம் ஒன்றில் ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். விராலிடம் அந்தப் பழக்கம் இல்லை.

முட்டையிட்டதும் தாய் விராலுக்குக் கண் தெரியாமல் போகுமாம், குஞ்சுகள் தாமாகவே அதன் வாயில் போய் விழுந்து பசியாற்றுமாம். வாட்ஸ்அப்பில் வந்ததே?

கண்ணீர் வரவைக்கும் கதை, ஒரு வரிகூட உண்மை இல்லை. முட்டையிட்ட மீனுக்குக் கண் போவதில்லை. போயிருந்தால், முந்தைய பதிலில் சொன்னபடி நெருங்கி வரும் பாம்பை எப்படிக் குறிதவறாமல் அடிக்கும்? மேலே வரும் குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே பெரிய மீன் வாயைத் திறந்து காற்றுக் குடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவர் யாரோ கற்பனை செய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அப்படியானால் விரால் விராலைத் தின்னவே தின்னாதா?

நன்றாகத் தின்னும். காவலில் இருக்கும் வரை பெற்றோர் தம் குஞ்சுகளைப் பொதுவாகத் தொடுவதில்லை. கூட்டம் உடைந்த பிறகு உறவுமுறை கிடையாது. அதைவிட மோசம், குஞ்சுகள் ஒன்றையொன்று தின்பது. ஒரே நாளில் பொரிந்தவற்றில் சில வேகமாக வளர்ந்துவிடும். வாய் கொள்ளும் அளவுக்கு அடுத்தது சிறியதாக இருந்தால் கதை முடிந்தது. சில நேரம் பாதி விழுங்கி, மீதி வெளியே நீட்டிக்கொண்டு, இரண்டுமே செத்து மிதக்கும்.

விரால் வளர்ப்பில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். குஞ்சு குறைகிறது என்றால் திருடன் வந்தான், கொக்கு வந்தது என்பார்கள். அடிக்கடி அளவு பார்த்துப் பெரியதையும் சிறியதையும் பிரித்துவிடுங்கள், மறைந்துகொள்ள நீர்ச்செடி போடுங்கள், வயிற்றைக் காயவிடாதீர்கள். இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேலி போட்டுப் பயன் இல்லை.

மனிதனைக் கடிக்குமா?

குஞ்சோடு இருக்கும்போது காலில் மோதும், கையை விட்டால் கவ்வும். தோல் கிழியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது விரலை வாய்க்குள் விட்டவர்கள்தான் அதிகம் கடிபடுகிறார்கள்.

தவளையை முள்ளில் கோத்துப் போட்டால் சட்டென்று அடிக்கிறது, ஆனால் இழுத்தால் வெறும் முள்தான் வருகிறது. ஏன்?

சத்தம் கேட்ட அந்த நொடியிலேயே இழுத்துவிடுகிறீர்கள். விரால் அடித்த உடனே விழுங்குவதில்லை, கவ்விக்கொண்டு செடிக்குள் போய் இரையைத் திருப்புகிறது. வேட்டையைப் பற்றிய பதிலில் சொன்ன தலைப்பக்கக் கணக்கு. தூண்டில் நரம்பு நகர்ந்து ஓடத் தொடங்கும் வரை பொறுத்து, பிறகு இழுங்கள். ரப்பர் தவளை போடுகிறவர்கள் மட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்கக்கூடாது, ரப்பர் என்று தெரிந்தால் துப்பிவிடும்.

மாட்டிய பிறகு அது நேராகச் செடிக்குள்தான் ஓடும், அதனால் மெல்லிய நரம்பு உதவாது. இது இன்று நேற்றுச் சங்கதியும் இல்லை. சங்கப் பாட்டு ஒன்றில் தூண்டில் இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, வள்ளைக் கொடியை அலங்கோலமாக்கி, இழுக்க இழுக்க வராமல், கயிறு கட்டிய முரட்டுக் காளையாகக் குளத்தையே கலக்குகிறது. எழுதிய புலவர் கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

கட்லா, ரோகு விட்ட குளத்தில் விரால் புகுந்துவிட்டது. பிரச்சினையா?

நீங்கள் விட்டது விரலளவுக் குஞ்சு என்றால் பெரிய பிரச்சினை. அரைக்கிலோ வளர்ந்த கட்லாவை விரால் ஒன்றும் செய்யாது, வாய் கொள்ளாது. குஞ்சு விடும் முன்பே குளத்தைக் காயப்போடுவதுதான் சரி. காயாத குளத்துக்கு இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் எக்டேருக்கு 2,500 கிலோ என்பது வழக்கமான அளவு. அதில் உள்ள நச்சு ரத்த அணுக்களைச் சிதைப்பதால், காற்று மூச்சு விடும் விராலும் தப்பாது. நஞ்சு அடங்க இரண்டு மூன்று வாரம் விட்டு, பிறகு குஞ்சு விடுங்கள். வாய்க்காலிலிருந்து தண்ணீர் வரும் இடத்தில் சல்லடை கட்டாவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

ஜிலேபி மீன் கண்டபடி பெருகிவிட்டது. விரால் விட்டால் கட்டுப்படுமா?

கட்டுப்படும், பல நாடுகளில் செய்து பார்த்த முறைதான். ஜிலேபி ஓயாமல் குஞ்சு பொரித்து, குளம் முழுக்க வளராத பொடிமீனாக்கிவிடும். விரால் அந்தப் பொடியைத் தின்றால் மிச்சம் இருப்பது வளரும். விரால் ஜிலேபியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ப்பு மீனும் வயிற்றுக்குள் போகும்.

மழைக்குப் பிறகு விரால் உடம்பில் சிவந்த புண். சாப்பிடலாமா?

அது நீர்ப்பூஞ்சை வகைக் கிருமி ஒன்றால் வரும் புண் நோய். இந்தியாவில் 1988இல் தலைகாட்டியது. விரால் வகை மீன்களைத்தான் அதிகம் தாக்கியது. கனமழைக்குப் பின் தண்ணீர் குளிரும் மாதங்களில் கிளம்பும், முதலில் சிவந்த புள்ளி, பிறகு தசை தெரியும் குழி. மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் புண் உள்ள மீனை நான் விற்பதில்லை. குளத்துக்காரர்கள் சுண்ணாம்பு போடுவார்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்தும் கிடைக்கிறது.

அமெரிக்காவில் இந்த மீனை வைத்திருந்தாலே குற்றமாமே?

அங்கே பரபரப்பைக் கிளப்பியது நம் விரால் அல்ல, சீனப் பகுதியைச் சேர்ந்த அதன் உறவினம். 2002இல் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் ஊர்க் குளத்தில் அது குஞ்சு பொரித்திருப்பது தெரியவந்தது. உயிரோடு வாங்கியதை ஒருவர் குளத்தில் விட்டதன் விளைவு. குளத்துக்கே மருந்து போட்டு அழித்தார்கள். அதே ஆண்டில் குடும்பம் முழுவதையும் தீங்கு செய்யும் உயிரினப் பட்டியலில் சேர்த்து இறக்குமதியைத் தடுத்தார்கள். இருந்தும் 2004இல் பொடோமாக் ஆற்றில் அந்த மீன் அகப்பட்டது. அது பனிக்குளிரைத் தாங்கும், நம் விரால் தாங்காது. நம்மூரில் அதே தவறை ஆப்பிரிக்கக் கெளுத்தியை வைத்து நாமே செய்துகொண்டோம் என்பது தனிக் கதை.

பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்த விரால் வேட்டையை மறந்துவிடுமா?

மறக்காது. குஞ்சிலேயே பழக்கினால் மிதக்கும் தீவனத்தை எடுக்கும், வியட்நாமில் பெரிய அளவில் அப்படித்தான் வளர்க்கிறார்கள். பழக்குவதற்கு முன் எல்லாரும் பொடிமீனைத்தான் போட்டார்கள். கம்போடியாவில் ஆற்றுப் பொடிமீன் இதற்கே போகிறது என்று 2004இல் விரால் வளர்ப்பையே தடை செய்து, 2016இல்தான் விலக்கினார்கள். தீவன விரால் இருக்கும் தொட்டியில் ஒரு தவளை குதித்தால் என்ன நடக்கும் என்று பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிப்பது எளிது என்கிறார்கள். பிடித்தால் என்ன தப்பு?

எளிதுதான், அதுதான் தொந்தரவு. அந்த நேரத்தில் அது பசிக்காக அடிப்பதில்லை, விரட்டுவதற்காக அடிக்கிறது. கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் பாயும், போட்டவருக்குத் திறமை எதுவும் தேவையில்லை. இரண்டு பெரிய மீனையும் எடுத்துவிட்டால், கெளுத்தியும் தண்ணீர்ப் பாம்பும் நீர்க்காகமும் மற்ற விரால்களும் ஒன்றிரண்டு நாளில் குஞ்சுக் கூட்டத்தை முடித்துவிடும். ஒரு கிலோ மீனுக்காக அடுத்த ஆண்டின் நூற்றுக்கணக்கான மீன்களை விடுவது வியாபாரக் கணக்கிலும் நஷ்டம்.

எங்கள் குத்தகை ஏரியில் சிவப்புக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் தூண்டில் போட விடுவதில்லை. கேட்காதவர்களிடம் அன்றைய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.